வியாழக்கிழமை வர வேண்டாம்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. இன்சூரன்ஸ் ஏஜென்ட் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாக மிக்ஸி மேல் கிடந்து தூசி தின்றது. இன்றிலிருந்து எழுதுவதாக என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஜனவரில எழுதாதவ ஜூன்ல என்ன எழுதப் போற?" என்றார். அவர் கூட்டுறவு வங்கியில் காசாளர். அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகப்பட்டே பழகியவர், என்னுடையது மட்டும் தப்புமா?

இந்த வருடமும் எனக்கு ஏழாம் வகுப்புதான். நான் இந்த நடுநிலைப்பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தபோது எல்லா வகுப்பிலும் இரண்டு பிரிவு இருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இப்போது எல்லாம் ஒற்றைப் பிரிவு. அதிலும் பாதிக்கு மேல் பனியன் கம்பெனி வேலைக்காக வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் இல்லையென்றால் பள்ளிக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். வருகைப் பதிவில் நாச்சம்மாளும் பொன்னுசாமியும் இருந்த இடத்தில் அங்கித்தும் பபிதாவும் இருக்கிறார்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் போகிறார்கள். வேன் திரும்ப இடம் இருப்பது எங்கள் பள்ளி வாசலில்தான். தினமும் காலையில் எங்கள் பிரேயர் நடக்கும்போது அது வந்து சுற்றித் திரும்பும். என் மகள் தன்ஷிகாவும் அதில்தான் போகிறாள். ஆமாம், அரசுப் பள்ளித் தமிழ் டீச்சரின் மகள் ஆங்கிலப் பள்ளியில்தான் படிக்கிறாள். கேட்பவர்களுக்குச் சொல்ல ஏழெட்டுக் காரணங்கள் கைவசம் வைத்திருக்கிறேன். பிறந்தபோது தேன்மொழி என்று பெயர் வைக்க ஆசைப்பட்டேன். எண் கணித ஜோசியர் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையசைத்தேன். அவள் பார்க்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பாடப்புத்தகம் வந்தது. எண்ணி அடுக்கியதில் முதுகு போயிற்று.

ஜூன் 19, புதன்

இன்று ஐந்தாவது பீரியடில் பாடப்புத்தகக் கதையை யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். உள்ளூர்ப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரிங்கி குமாரி எழுந்தாள்.

ரிங்கி போன வருடம் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். பீகாரில் சமஸ்திப்பூர்ப் பக்கம். அப்பா அம்மா இங்கே வெகு காலமாகக் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். இவள் அங்கே பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள். சேர்ந்தபோது 'தண்ணி' தவிர ஒரு சொல் தெரியாது. எல்லாம் ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டது.

அவள் வாசித்தபோது வகுப்பு அப்படியே அடங்கிப் போயிற்று. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறாள். கேள்வி வந்தால் குரல் ஏறுகிறது. கதையில் கிழவன் பேசினால் கிழவனாகிறாள். 'ழ' சொல்லும்போது மட்டும் ஒரு நொடி நின்று, நாக்கைச் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு சொல்கிறாள். எத்தனையோ வருடமாக நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன ழகரம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

எழுதச் சொன்னால் மட்டும் தகராறு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிடுகிறாள். அவள் எழுதியதைப் படித்தால் வாய் வலிக்கிறது. போகப் போக வரும்.

ஜூலை 5, வெள்ளி

ரிங்கியின் லைன் வீடு பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில்தான். இப்போதெல்லாம் மாலையில் இருவரும் சேர்ந்தே நடக்கிறோம். வழியில் உள்ள எழுத்து ஒன்றையும் விடமாட்டாள். மாவு மில் போர்டு, கல்யாண பேனர், சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவளுக்குப் பாடப்புத்தகம். இறந்தவர்களின் பெயரை அவ்வளவு மரியாதையாக வாசிக்கிறாள்.

இன்று ஒரு சந்தேகம் கேட்டாள். "டீச்சர், இவண்ங்கறவரு யாருங்க? யாரு செத்தாலும் அவர் பேரு கீழ இருக்குதே. ரொம்ப நல்லவருங்களா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பிறகு, அது ஆள் இல்லை, 'இப்படிக்கு' என்பது போல ஒரு சொல் என்று விளக்கிச் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஊரில் எல்லாச் சாவுக்கும் வருகிற ஒரு மனிதரை நான் இல்லாமலாக்கிவிட்டேனாம்.

வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தேன். தன்ஷிகா என்னவென்று கேட்டாள். சொன்னேன். "இவண்னா என்னம்மா?" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

இட்லிக்கு ஆட்டினேன். யூனிபார்ம் இஸ்திரி போட்டேன். மதியம் தன்ஷிகாவை உட்கார வைத்துச் சிறுவர் மலரிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி நாலு வரி வந்தாள். பிறகு, "அம்மா, இது எங்களுக்குத் தேர்டு லாங்வேஜ்கூட இல்ல. இந்தி ஹோம்வொர்க் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. இதே வீட்டிலிருந்து நான்தான் அவளை அந்த வேனில் ஏற்றிவிட்டேன்.

நாளைக்கு ஐந்தாவது பீரியட் எனக்கு ஏழாம் வகுப்பில். அதை நினைத்தால் மனது கொஞ்சம் ஆறுகிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எச்.எம். நாச்சிமுத்து சார் ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்விட்டு முகம் செத்துத் திரும்பினார். தமிழ் வாசித்தல், எழுதுதலில் பின்தங்கிய பள்ளிகளின் தலைமையாசிரியர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார்களாம். இவர் நின்றிருக்கிறார். வரும் மே மாதம் ஓய்வு பெறுகிற மனிதர், எல்லார் முன்னாலும் பெஞ்சு மேல் ஏறாத குறை.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ் கிடையாது என்று சொல்லிப் பார்த்தாராம். காரணம் கேட்கவில்லை, சதவீதம்தான் கேட்டோம் என்றார்களாம்.

22ஆம் தேதி வியாழக்கிழமை அடைவுத் தேர்வு. வெளியிலிருந்து ஆள் வந்து, ஐந்து வாக்கியம் சொல்லி எழுத வைப்பார்கள். அன்றைக்கு வந்திருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் சதவீதம்.

ஆகஸ்ட் 14, புதன்

எச்.எம். கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எல்லா ஸ்கூல்லயும் பண்றதுதானுங்க டீச்சர். எழுத வராத பிள்ளைகள அன்னைக்கு ஒரு நாள் வூட்ல இருக்கச் சொல்லீரலாம். ஒரே ஒரு நாளு. ஊரோட ஒத்துப் போகோணுமில்லீங்க?"

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அதற்கு மேல் என்ன யோசிக்க இருந்தது? அவர் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. என் பிரசவத்தின்போது என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மாலையில் சில பெற்றோர்களை வாசலுக்கு வரச் சொல்லி விவரம் சொல்லி அனுப்பினேன். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள். ரிங்கிதான் இந்தியில் எடுத்துச் சொன்னாள்.

வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

தேர்வு நல்லபடியாக நடந்தது. வந்தவர் நல்ல மாதிரி, மெதுவாகத்தான் வாக்கியங்களைச் சொன்னார். வகுப்பு பளிச்சென்று இருந்தது. கொஞ்சம் பெரியதாகவும் தெரிந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நேற்று கோகுலாஷ்டமி விடுமுறை. அதையும் சேர்த்து ஊர் சுற்றப் போயிருப்பார்கள் போலிருக்கிறது, வகுப்பில் நிறைய இடம் காலியாக இருந்தது. ரிங்கியும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். ஊரெல்லாம் காய்ச்சல்தான்.

செப்டம்பர் 4, புதன்

முடிவு வந்துவிட்டது. வட்டாரத்தில் எங்கள் பள்ளி முதலிடம். எச்.எம். மைசூர்பாகு வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். என் கையைப் பிடித்து, "உங்களாலதானுங்க டீச்சர்" என்றார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

வராதவர்கள் இன்னும் வரவில்லை. இன்று எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களில் மூன்று பேர்தான் திரும்பியிருக்கிறார்கள். ஒரு நாள் என்றுதானே சொன்னோம்? இந்தச் சனங்கள் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள். பாஷை தெரியாததால் வருகிற வினை.

மைசூர்பாகைப் பாதியில் வைத்துவிட்டேன். நெய் மட்டம்.

செப்டம்பர் 13, வெள்ளி

இதை எழுதாமல் இந்த டைரியை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

பெற்றோர்களை வரச் சொன்ன அன்று வாசலில் நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். இந்தப் பிள்ளைக்கு எழுத வரவில்லை, வியாழக்கிழமை அனுப்ப வேண்டாம், வந்தால் பள்ளிக்கு மதிப்பு குறையும் என்றேன். ரிங்கி என் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் அவர்களுக்கு இந்தியில் சொன்னாள். வகுப்பில் வாசிப்பது போலவே, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

கடைசிப் பெயர் அவளுடையது. அவளுக்கும் எழுத வராதே. புள்ளி வைக்க மாட்டாளே. அதைச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது நான் கொஞ்சம் தயங்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கம்மாகிட்டயும் சொல்லீரட்டுங்களா டீச்சர்?" என்றாள்.

அவள் அம்மா லலிதா தேவி இடுப்பில் கைக்குழந்தையோடு எதிரிலேயே நின்றிருந்தாள். நான் சொல்லம்மா என்றேன். சொன்னாள். இப்படித்தான் நடந்தது.

செப்டம்பர் 21, சனி

அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு ரிங்கியின் லைன் வீட்டுக்குப் போனேன். வரிசையாக ஒற்றை அறைகள், ஒரே பம்பு. அந்த அறையில் இப்போது ஒடிசாக்காரப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள். அந்தக் குடும்பம் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாம். வீட்டுக்காரம்மாவுக்கும் எங்கே என்று தெரியவில்லை. "அவிங்கெல்லாம் ஒரு இடத்துல நிக்கற சனமாங்க டீச்சரம்மா?" என்றாள்.

மற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனேன். பபிதாவும் அங்கித்தும் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். எதற்குப் பயந்தார்களோ, நான் உள்ளே போனதும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நாற்காலி இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டார்கள்.

அக்டோபர் 9, புதன்

காலாண்டு விடுமுறை முடிந்து திறந்தாயிற்று. நான் தேடிப் போனவர்களில் ஏறக்குறைய எல்லாரும் வந்துவிட்டார்கள். ரிங்கி இல்லை.

ஐந்தாவது பீரியடில் யாரையாவது வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசிக்கிறார்கள். நானும் கேட்கிறேன். பிறகு நானே புத்தகத்தை வாங்கி வாசித்து முடிக்கிறேன். என் குரல் எனக்கே அலுத்துவிட்டது.

மாலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது சுவரைப் பார்ப்பதில்லை. யாரோ ஒரு பெரியவர் போய்விட்டார் போலிருக்கிறது, புது போஸ்டர் ஒட்டியிருந்தது. வாய்விட்டுப் படிக்க ஆளில்லை. எனக்கு அந்தப் பெண் வேண்டும். வேறு எப்படிச் சொல்வது? பெற்ற மகளிடம் கிடைக்காத ஒன்றை அவளிடம் வைத்திருந்தேன், நானே தூக்கிப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 30, புதன்

அதிரசப் பாகு முறிந்துவிட்டது. நாளை தீபாவளி. வடக்கத்திக் குடும்பங்கள் எல்லாம் சட் பூஜைக்கு ஊருக்குப் போகிறார்கள். ரயில்வே ஸ்டேஷனில் நிற்க இடமில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்திருப்பாளோ? போனால் திரும்பி வருவாளோ?

நவம்பர் 24, ஞாயிறு

நல்ல செய்தி. பபிதா வெள்ளிக்கிழமை சொன்னாள்: ரிங்கி ஊருக்குப் போகவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். வீட்டிலேயே பனியன் பண்டல் வாங்கி நூல் பிசிறு வெட்டுகிறாளாம், தம்பியையும் பார்த்துக்கொள்கிறாளாம்.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவள் அம்மாவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? ரிங்கியையே பக்கத்தில் நிறுத்தி இதையும் மொழிபெயர்க்கச் சொல்ல முடியுமா?

ஆகவே இன்று ஒரு காரியம் செய்தேன். தன்ஷிகாவின் முன்னால் போய் உட்கார்ந்து, எனக்கு மூன்று வாக்கியம் இந்தியில் சொல்லிக் கொடு என்றேன். அவள் நம்பவில்லை. அவள் அப்பா பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். "தமிழ் டீச்சர் இந்தி படிக்கறத யாராச்சும் பார்த்தா வேலை போயிரும்" என்றார்.

ரிங்கியைப் பள்ளிக்கு அனுப்புங்கள். எல்லா நாளும் அனுப்புங்கள். தப்பு எங்களுடையது. இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ரிங்கி கோ ஸ்கூல் பேஜியே. பத்து தடவை சொல்ல வைத்தாள். 'பே'யை அழுத்தச் சொல்லி என் உதட்டைப் பிடித்துக்கூடக் காட்டினாள். நல்ல டீச்சராக வருவாள், பொறுமை இருக்கிறது.

மூன்றாவது வாக்கியத்தில் நின்றாள். "கல்தி ஹமாரி ஹை. அப்படின்னா எல்லாரோட தப்புன்னு அர்த்தம்மா. உன்னோடதுன்னா மேரின்னு சொல்லணும். யாரோடது?"

மேரி என்றே சொல்லிக்கொடு என்றேன். என்ன நடந்தது என்று கேட்டாள். முழுவதும் சொன்னேன். இவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. கேட்டு முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

போனேன்.

ரயில்வே கேட்டைத் தாண்டி, தகரக் கூரை போட்ட அறை. ரிங்கி இல்லை, தம்பியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் போயிருந்தாள். லலிதா தேவி தரையில் உட்கார்ந்து வெள்ளை பனியன் குவியலுக்கு நடுவில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

நான் வாசலிலேயே நின்று, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மூன்று வாக்கியத்தையும் ஒப்பித்தேன். கல்தி மேரி ஹை என்று முடித்தபோது எனக்கு வியர்த்திருந்தது.

அவள் ஒரு பண்டலைத் தள்ளி இடம் செய்தாள்.

"உக்காருங்க டீச்சர்," என்றாள். "தமிழ்லயே சொல்லுங்க. பத்து வருசமா இங்கதான இருக்கறோம். கம்பெனில சூப்பர்வைசரு தமிழ்லதான் திட்டுவாரு."

நான் உட்கார்ந்தேன். அன்றைக்கு நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்களோ என்று நினைத்தேன் என்று எப்படியோ சொன்னேன்.

"இல்லீங்க டீச்சர். நல்லாப் புரிஞ்சுது. இவ சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சுது. மத்தவிங்களுக்கும்தான். டீச்சர் சொல்றப்போ குறுக்க பேசக் கூடாதுன்னு எல்லாரும் கம்முனு நின்னோம்." கொஞ்ச நேரம் பனியன் மடிப்பை நீவினாள். "ஸ்கூலுக்கு வேண்டாம்னா நிறுத்துங்க. உங்க ஸ்கூலு. ஆனா எம் பிள்ள வாயாலயே அதச் சொல்ல வெச்சீங்களே. அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல."

நான் அழுதேன். இதை எழுதுவதற்கு வெட்கமாக இல்லை. அவள் என்னைத் தேற்றவில்லை, தேற்ற வேண்டிய கடமையும் அவளுக்கில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

கிளம்பும்போது, "அவளுக்குப் போகோணும்னு இருக்குது. பனியன் பண்டல் மேல இருக்கற பேப்பரக்கூட விடாம படிக்கறா. நான் அனுப்பறேன்," என்றாள். பிறகு, "அவளுக்காக," என்று சேர்த்துக்கொண்டாள்.

டிசம்பர் 9, திங்கள்

வந்துவிட்டாள்.

கொஞ்சம் உயரமாகியிருக்கிறாள். விரல் நுனியெல்லாம் கத்தரி பட்டுக் காய்த்திருக்கிறது. "வணக்கமுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்னால் வரச் சொன்னேன். அங்கேயே இருப்பதாகச் சொன்னாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பில் அல்ல, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுக் கழுவும் குழாயடியில். அவள் பதறிப்போய், "அய்யோ, என்னங்க டீச்சர்," என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்ற கவலை, என் மானத்துக்காக.

ஜனவரி 8, புதன்

பழைய டைரியில் மிச்சமிருக்கிற பக்கங்களிலேயே எழுதுகிறேன். புது டைரி இந்த வருடம் வரவில்லை, பாலிசி முதிர்ந்துவிட்டது.

இன்று ரிங்கி வாசித்தாள். முதலில் குரல் எழும்பவில்லை. இரண்டாவது பக்கத்தில் எழும்பியது. ஜன்னலுக்கு வெளியே நாச்சிமுத்து சார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், நான் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் பத்து வரி எழுத வைக்கிறேன். முக்கால்வாசிப் புள்ளி வந்துவிடுகிறது. வைத்து முடித்ததும் ஒவ்வொன்றையும் பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கிறாள். சந்தோஷமாக இருக்கிறேன். இப்படி எழுதி எத்தனை நாளாயிற்று.

ஜனவரி 29, புதன்

அடுத்த அடைவுத் தேர்வு பிப்ரவரி 6, வியாழன். எச்.எம். என்னைக் கூப்பிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: இந்த முறை யாரையும் வீட்டில் நிற்கச் சொல்ல மாட்டேன் சார், எல்லாரும் எழுதட்டும், வருகிற சதவீதம் வரட்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "சரிங்க டீச்சர்," என்றார். "நின்னுக்கறேன். இன்னும் நாலு மாசம்தான?"

பெரிய மனிதர்தான். இவரிடம் ஆகஸ்டிலேயே முடியாது என்று சொல்லியிருந்தால் ஆகஸ்டிலேயே சரி என்றிருப்பார்.

பிப்ரவரி 5, புதன்

நாளைக்குத் தேர்வு, எல்லாரும் வர வேண்டும், ஒருவர்கூட நிற்கக் கூடாது என்று வகுப்பில் இரண்டு முறை சொன்னேன். கடைசி பெஞ்சைப் பார்த்துத்தான் சொன்னேன். ரிங்கி தலையாட்டினாள். இன்றைய பத்து வரியில் நாலே நாலு புள்ளிதான் விட்டிருந்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

எல்லாரும் வந்தார்கள். பபிதா, அங்கித், எல்லாரும். ரிங்கி மட்டும் வரவில்லை.

தேர்வு நடந்த நேரம் முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு உடம்பு சரியில்லையோ, அம்மா மனது மாறிவிட்டதோ? மாலையில் போகலாம் என்றால் ஆறு மணி வரை விடைத்தாள் கட்டும் வேலை. கடையில் பால் பாக்கெட்கூட வாங்க மறந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பிரேயருக்கு முன்னாலேயே வந்து நின்றாள். தலை நிறைய எண்ணெய், இரட்டைப் பின்னல். காய்ச்சல் எதுவும் இல்லை.

நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்வி புரியவில்லை.

"நேத்துப் பரீட்சைங்களே டீச்சர்," என்றாள்.

ஆமாம், அதற்குத்தானே வரச் சொன்னேன் என்றேன்.

"நீங்க எல்லாத்தையும்தானுங்க வரச் சொன்னீங்க. வேண்டாம்னு சொல்றதுக்கு உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. எனக்கு இன்னும் புள்ளி விட்டுப்போவுது. அதான் நானே நின்னுக்கிட்டேன். அம்மாகிட்டகூடச் சொல்லலீங்க." பையைத் தோளில் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் ஜூன் மாதத்துச் சிரிப்பு இருந்தது. "டீச்சர், நம்ம ஸ்கூலு இந்தவாட்டியும் ஃபர்ஸ்ட்டு வந்துருமுங்களா?"